பக்கம் திருப்பும் இடம்

விமானக் கம்பெனியில் வேலை என்று சொன்னால் திருத்தணியில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஏர்ஹோஸ்டஸாம்மா?" என்பதுதான். நாற்பத்தாறு வயதில், முட்டிவலித் தைல வாசனையோடு ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவளைப் பார்த்துக் கேட்கிறார்களே, அவர்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும். இல்லை, நான் விமானத்தின் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துக்கொள்கிறவள்.

சென்னைக்கு அந்தப் பக்கம், விமானம் ஓட்டக் கற்றுத்தரும் சின்னக் கம்பெனி எங்களுடையது. இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு புத்தகம், அதன் என்ஜினுக்குத் தனியாக ஒரு புத்தகம். இன்று எத்தனை மணி நேரம் பறந்தது, எண்ணெய் எப்போது மாற்றினார்கள், எந்தத் திருகை யார் முடுக்கினார், யார் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார் எல்லாம் அதில் இருக்கவேண்டும். ஒவ்வொரு நூறு மணி நேரத்துக்கும் என்ஜினைப் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும். அந்த நூறு எப்போது வருகிறது என்று சொல்வது என் புத்தகம். எழுதாத வேலை செய்யாத வேலை. புத்தகம் தொலைந்துபோனால் என்ஜின் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் காயலான் கடைக்குத்தான் போகும்.

இந்த வேலையில் எனக்குத் திமிர் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஒன்றையும் ஏழையும் ஒரே மாதிரி எழுதிக்கொண்டு வரும் மெக்கானிக்கிடம் வேலை விவரக் கார்டைத் திருப்பிக் கொடுத்து, "பேனா பிடிக்கத் தெரிஞ்சா எழுது, இல்லன்னா ஸ்பேனரை மட்டும் பிடி" என்பேன். ஒருமுறை மேனேஜர் மெதுவாக ஒரு யோசனை சொன்னார். ஒரு பக்கத்தின் கடைசி மொத்தத்தை அடுத்த பக்கத்தின் முதல் வரியில் ஏற்றும்போது, இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் நல்லதாம். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "பன்னெண்டு வருஷத்துல ஒரு தப்பு காட்டுங்க சார், அப்புறம் பேசலாம்" என்றேன். பாவம், அவர் அதற்கப்புறம் பேசவே இல்லை.

வீட்டிலும் இதே கதைதான். ஃபிரிட்ஜ் மேல் ஒரு நோட்டு தொங்கும். கேஸ் டியூப் மாற்றிய தேதி, தண்ணீர் ஃபில்டர், வண்டி எண்ணெய், வண்டி செயின், டயர் காற்று. டவுனில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லாக் கட்டத்திலும் வரிசையாக டிக் அடித்துவிட்டுத்தான் டிபன் சாப்பிட வருவார். இவ்வளவு ஒழுக்கமான மனுஷன் கிடைக்க நான் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம். ஒரு புத்தகம் முடிந்து புதுப் புத்தகம் திறக்கவேண்டும் என்றால், அந்தப் புது வெற்றுப் புத்தகத்தை நான் திருத்தணிக்குக் கொண்டுவருவேன். மலைமேல் முருகன் காலடியில் வைத்து, முதல் பக்கத்து மூலையில் ஒரு பொட்டுக் குங்குமம் வாங்கிக்கொண்டு, மறுபடி கொண்டுபோய்ச் சேர்ப்பேன். நான்தான் ஆரம்பித்தேன். இப்போது மேனேஜரே, "மலைக்குப் போய்ட்டு வந்துடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறக்க விடுவார். எழுதிய புத்தகம் ரெக்கார்டு அறையை விட்டு ஓர் அங்குலம் நகரக்கூடாது. வெற்றுப் புத்தகம் நகரலாம், அதில் ஒன்றுமே இல்லையே.

அது ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு விமானத்தின் என்ஜின் புத்தகம் கடைசி வரி வரை முடிந்திருந்தது. மொத்தம் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது மணி நேரம். ஆயிரத்து ஐந்நூறில் ஆய்வு. திங்கட்கிழமை காலை ஒரு மாணவி அந்த விமானத்தை முதல்முறையாகத் தனியாக ஓட்டவேண்டும், அரைமணி நேரம்தான். இறங்கியதும் என்ஜினைப் பிரிப்பது என்று ஏற்பாடு. அந்தப் பெண் தினமும் என் அறை வாசலில் தலையை நீட்டி, "மேடம், என் வண்டி ரெடியா?" என்று கேட்பாள். உன் வண்டியா, உங்கப்பன் வீட்டு வண்டியா என்று நானும் திட்டுவேன். திட்டினாலும் மறுநாள் வந்து கேட்பாள். எனக்கும் அவள் வராத நாளில் என்னவோபோல் இருக்கும்.

மேசைமேல் பழைய புத்தகமும் புதுப் புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டுக்கும் ஒரே பச்சை அட்டை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஒன்றை அலமாரியில் வைத்துப் பூட்டினேன், ஒன்றை மஞ்சப்பையில் போட்டேன், ஓடினேன்.

மறுநாள் கிருத்திகை, அதுவும் சனிக்கிழமை. மலைமேல் நிற்க இடமில்லை. எங்கள் முருகன் காலடியில் ஜனங்கள் எதைத்தான் வைக்கமாட்டார்கள்? கல்யாணப் பத்திரிகை, வீட்டுப் பத்திரம், ஹால் டிக்கெட், பாஸ்போர்ட். எல்லாம் மஞ்சப்பையில்தான் வரும். குருக்கள் ஒருவர் நாலைந்து பேருடைய பைகளை ஒன்றாக வாங்கி உள்ளே வைத்து, தீபாராதனை முடிந்ததும், "எடுத்துக்கோங்கோ, நகருங்கோ" என்று கையில் திணித்தார். பின்னால் இருந்த கூட்டம் என்னை வெளியே துப்பியது. நான் பையைத் திறந்துகூடப் பார்க்காமல், கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தால் கல்யாணப் பத்திரிகைக் கட்டு! மூலையெல்லாம் மஞ்சள் தடவி, நூறு இருக்கும்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெற்றுப் புத்தகம்தானே, போகட்டும், வேறு வாங்கினால் ஆயிற்று. இருந்தாலும் திங்கட்கிழமை வேலை நிற்கக்கூடாது என்று, சனிக்கிழமை டூட்டியில் இருந்த மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். ஒன்றையும் ஏழையும் ஒரே மாதிரி எழுதுவானே, அவனுக்குத்தான். ஸ்டோரில் இன்னொரு வெற்றுப் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

"எதுக்கு மேடம்? உங்க அலமாரியிலயே ஒன்னு கீதே. கண்ணாடி வழியா தெரியுது. புத்தம் புதுசா, அட்டைல நம்பர் ஸ்டிக்கர்கூட ஒட்டாம."

"நல்லா பாரு. பழசுல ஸ்டிக்கர் இருக்கும்."

"ஸ்டிக்கரு இல்ல மேடம். சத்தியமா இல்ல."

போனை வைத்தேன். வெற்றுப் புத்தகத்தைப் பூட்டி வைத்துவிட்டு, என்ஜினின் முழு ஜாதகத்தையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த ஜாதகம் இப்போது யாரோ ஒரு கல்யாண வீட்டில் இருக்கிறது. அது கிடைக்கவில்லை என்றால் என்ஜின் போச்சு. என் பன்னிரண்டு வருஷமும் போச்சு. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர்தான் பத்திரிகையை எடுத்துப் படித்தார். "பொண்ணு வீடு பொதட்டூர்பேட்டை. கீழ போன் நம்பர் போட்டுகிறாங்க. ஏன் இப்படி ஒப்பாரி வைக்கிறவ மாதிரி உக்காந்துகினு கீற? அடி."

அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் தறிச் சத்தம் தடதடவென்று கேட்டது. "நைனா, போனு!" என்று கத்தினாள். கல்யாணப் பெண்ணாக இருக்கவேண்டும். அப்பாக்காரர் வந்தார்.

"ஆங், சொல்லுங்க... மலைமேலயா? அய்யய்யோ, எங்க பத்திரிகை உங்ககிட்டதான் கீதா? முருகா! நாங்க இன்னும் பையத் தொறந்துகூடப் பாக்கலைங்க. எங்க பாவா கையில குடுத்து அனுப்பிட்டேன். அக்கா ஊட்டுக்காரரு. பள்ளிப்பட்டாண்ட அவங்க ஊருலதான் மொதப் பத்திரிகை வைக்கணும்னு. டிராக்டர் வச்சிகினு கீறாரு, யாரக் கேட்டாலும் காட்டுவாங்க. புக்கு எங்கயும் போவாதுங்க, நீங்க கவலப்படாதீங்க."

பாவாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கிளம்பிவிட்டோம். நான் பின்னால் பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாய் ஓயாமல் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டு. கே.ஜி.கண்டிகை தாண்டுவதற்குள் வண்டி 'கடகட' என்றது, அப்புறம் நின்றது. செயின் கழன்று தொங்கியது.

"போன ஞாயித்துக்கிழமை செயின் பாத்தீங்களா?"

"பாத்தேனே."

"நோட்டுல டிக் இருக்கு. கையால தொட்டுப் பாத்தீங்களான்னு கேக்கறேன்."

அவர் டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அடியே, டிக் அடிக்கலன்னா நீ சட்னி ஊத்தமாட்ட" என்றார்.

மூன்று வருஷத்து டிக்! அந்த நோட்டை ரயிலில் கூட வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்திருக்கிறேன். நடுரோட்டில் நின்று அவரை நான் கேட்ட கேள்வியை டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அதற்குள் அவரே ஒரு குச்சியால் செயினை ஏற்றிவிட்டார், கை முழுக்கக் கறுப்பு. மிச்ச வழியெல்லாம், ஊரில் இருக்கிற மெக்கானிக்குகளையெல்லாம் மிரட்டுகிறவள் வீட்டில் இப்படி ஏமாந்திருக்கிறேனே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பாவாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வேப்பமரத்தடியில் சிவப்பு டிராக்டர். அதன் மட்கார்டு மேல் என் பச்சைப் புத்தகம் விரிந்து கிடந்தது. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஐம்பது வயசு மனிதர் ஒருவர் அதைப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முருகா, மொட்டை போடுகிறேன், என் வீட்டுக்காரருக்கு.

பத்திரிகைக் கட்டைக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் புத்தகத்தை உடனே கொடுக்கவில்லை.

"வாங்கம்மா, உக்காருங்க. இது இன்னா என்ஜினும்மா?"

"ஏரோப்ளேன் என்ஜினுங்க."

"அப்பிடிப் போடு! அதான் இத்தினி கையெழுத்தா? எண்ணெ ஒரு வேளகூடத் தப்பலையே. யாரு எழுதறது?"

"நான்தாங்க" என்றேன். கொஞ்சம் நிமிர்ந்துதான் சொன்னேன்.

"எழுத்து முத்து முத்தா கீதும்மா. ஆனா இங்க பாருங்க." கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். "இங்க ஆயிரத்து நானூத்தி எம்பத்தேழுன்னு முடிச்சிகிறீங்க. திருப்பினா மேல நானூத்தி எழுபத்தெட்டுன்னு ஆரம்பிச்சிகிறீங்க. நடுவுல ஒம்போது மணி நேரம் எங்கம்மா போச்சி?"

"இருக்காதுங்க" என்றேன்.

"இருக்காதுன்னா? கண்ணாடி வோணுமா?"

வாங்கிப் பார்த்தேன். எண்பத்தேழு. பக்கத்தைத் திருப்பினேன், எழுபத்தெட்டு. மறுபடி திருப்பினேன். என் கையெழுத்து, என் ஏழு, என் எட்டு. முத்து முத்தாகத்தான் இருந்தன, இடம் மாறி. தேதியைப் பார்த்தேன். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். ஊருக்கு வரும் ரயிலில் காவடிக் கூட்டம் ஏறிவிடும், இடம் கிடைக்காது என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆபீஸ் மேசை முன்னால் நின்றபடியே எழுதியது ஞாபகம் வந்தது. அதைத்தான் கம்ப்யூட்டருக்கும் கொடுத்திருந்தேன். அதுவும் நம்பிவிட்டது.

"எப்படிங்க பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட ஓட்டறவன் ஒருத்தன் கீறான். மீட்டர் மணிய நோட்டுல எழுதுவான். பக்கம் திருப்பறப்பதான் முழுங்குவான். அதுலேர்ந்து எந்த நோட்ட எடுத்தாலும் மொதல்ல திருப்பற எடத்தப் பாத்துருவேன். பழக்கம். நீங்க வேணும்னு பண்ணியிருக்கமாட்டீங்க, எழுத்தப் பாத்தாலே தெரியுது."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். நான் மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றொன்பது என்று நான் எழுதியது உண்மையில் ஆயிரத்து ஐந்நூற்றெட்டு. ஆய்வைத் தாண்டி அந்த என்ஜின் எட்டு மணி நேரம் பறந்துவிட்டது. கொஞ்சம் சலுகை உண்டுதான், ஆனால் அதைக் கேட்டு வாங்கவேண்டும். தெரியாமல் எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு. கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி எட்டு மணி நேரத்தை எண்ணிக்கொண்டே போனேன். ஓட்டியவர் கையெழுத்து இருக்கும் கட்டத்தில், வாலை நீளமாக இழுத்துவிட்ட ஒரே கையெழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு வரியில் அதுதான். பக்கத்தில் வாத்தியாரை வைத்துக்கொண்டு பழகிய, என் வண்டி ரெடியா என்று கேட்கிற பெண். ரெடி என்று ஏழு தடவையும் சொன்னவள் நான்.

புத்தகத்தை மூடினேன்.

என் வீட்டுக்காரர் காதருகே வந்தார். "எட்டுதானே? ஒரு கோடு போட்டுத் திருத்திடேன். யாருக்குத் தெரியப்போவுது? திங்கக்கிழமை எப்படியும் பிரிச்சிப் பாக்கத்தானே போறாங்க."

"அந்தப் பொண்ணு ஓட்டினப்புறம் பிரிப்பாங்க."

"அரைமணி நேரம்தானே?"

"செயினும் கழலறதுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடி வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சி?"

அவர் கறுப்பான தன் கையைப் பார்த்துக்கொண்டார். திருத்தலாம், அது பெரிய விஷயம் இல்லை. ஒரு கோடு, கையெழுத்து, தேதி. ஆனால் என்ன தேதி போடுவேன்? எங்கே உட்கார்ந்து திருத்தினேன் என்று எழுதுவேன்? பள்ளிப்பட்டு, வேப்பமரத்தடி என்றா? மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"சார், திங்கக்கிழமை அந்த விமானம் பறக்கக்கூடாது. இன்ஸ்பெக்ஷன் எட்டு மணி நேரம் தாண்டிடுச்சி. நான்தான் மொத்தத்தைத் தப்பா ஏத்தியிருக்கேன்."

"எப்படிம்மா கண்டுபிடிச்சே? இன்னிக்கு உனக்கு லீவாச்சே. புக் எங்க இருக்கு?"

"டிராக்டர் மேல சார்" என்றேன்.

முழுக்கதையையும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பத்திரமாக் கொண்டுவா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பாவா மோர் கொடுத்தார். குடிக்கும்போது அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அவர் பத்திரிகையில் ஒன்றை எடுத்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து நிற்கவைத்துக் கையில் கொடுத்தார். "மொதப் பத்திரிகை உங்களுக்குதாம்மா. கண்டிப்பா வந்துரணும்."

திங்கட்கிழமை விளக்கம் எழுதும் படிவம் கொடுத்தார்கள். அதில் 'பிழையைக் கண்டறிந்தவர்' என்று ஒரு கட்டம். என் பெயரைப் போட்டிருக்கலாம். தன் தப்பைத் தானே கண்டுபிடித்த ரெக்கார்டு அம்மா என்று கௌரவமாகக்கூட இருந்திருக்கும். பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் 'டிராக்டர் உரிமையாளர், பள்ளிப்பட்டு அருகில்' என்று எழுதினேன். அதை எழுதினால் புத்தகம் மலை ஏறியதையும், கை மாறியதையும், எல்லாவற்றையும் எழுதவேண்டும். எழுதினேன், நாலு பக்கம்.

என்ஜினைப் பிரித்தார்கள். வழக்கமான அழுக்கைத் தவிர ஒன்றும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் எனக்கு மூன்று மாதம் கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது. மலைக்குப் போகும் வழக்கமும் நின்றது, வெற்றுப் புத்தகம்கூட அறையை விட்டு நகரக்கூடாது என்று. நியாயம்தான். பக்கம் திருப்பும் இடத்தில் இரண்டு கையெழுத்து என்று புது விதி வந்தது. மேனேஜர் அதை அறிவிக்கும்போது என் பக்கம் பார்க்கவே இல்லை. அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம். அந்த மூன்று மாதமும் நான் எழுதியதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி எழுதுகிறவன்தான். "மேடம், இது எட்டா ஆறா?" என்று முதல் நாளே கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு என்றேன்.

அந்தப் பெண் என்னோடு நாலு நாள் பேசவில்லை. ஊரிலிருந்து அவள் அம்மா அப்பா பார்க்க வந்திருந்தார்களாம், நான் கெடுத்துவிட்டேனாம். ஐந்தாம் நாள் அவளைக் கூப்பிட்டு, அந்த ஏழு வரியையும் காட்டினேன். தன் கையெழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அவள் தனியாகப் பறந்தாள். நான் வெளியே வந்து பார்க்கிற ஆள் இல்லை, அன்றைக்கு வந்தேன். இறங்கியதும் வியர்வை வழிய என் அறைக்கு ஓடிவந்து, புதுப் புத்தகத்தில் வாலை நீளமாக இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். நான் பழைய மொத்தத்தோடு அந்த அரைமணி நேரத்தைக் கூட்டி, ஒவ்வோர் எண்ணுக்குக் கீழும் விரலை வைத்து, மெதுவாக எழுதினேன்.

"சரியா இருக்கா மேடம்?" என்றாள், எட்டிப் பார்த்துக்கொண்டு.

"இரு. இன்னொருத்தர் பாக்கட்டும்" என்றேன்.